தாங்குகல்லில் நான் வைத்த கை

இந்தப் பொங்கல் விழாவுக்குத் தலைமை ஏற்று நடுநாயகமாக வீற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய சிவராமகிருஷ்ணன் அவர்களே! மூன்று தலைமுறையாக மலையாளக் கரையில், இந்த மட்டாஞ்சேரி மண்ணில் வாழ்ந்தும் வீட்டுக்குள் தமிழை விடாத குடும்பத்தின் மூத்த பிள்ளையே! எட்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த நம் கருங்கரட்டு இரும்புச் சுரங்கத்தை இந்தத் தை மாதத்திலே குத்தகைக்கு எடுத்திருக்கும் புதிய முதலாளியே! வரவேற்புரை என்ற பெயரில் என்னிடம் இருப்பதையும் இல்லாததையும் சேர்த்துப் புகழ்ந்து தள்ளிய சங்கச் செயலாளர், சுமைக்காரர்களின் தலைவர், அன்புத் தம்பி முகமது இஸ்மாயில் அவர்களே! பஜார் ரோட்டுக் கிடங்குகளிலே மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் சுமந்து முதுகு வளைந்தாலும் மனம் வளையாத என் தோழர்களே! தோப்பும்படியிலிருந்தும் களமசேரியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் சொந்தங்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! அந்தத் தாய்மார்கள் நடுவிலே அமர்ந்திருக்கும் சீனியம்மாள் அவர்களே! உங்கள் பெயரை மட்டும் தனியாக எடுத்துச் சொல்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும். உங்கள் அனைவருக்கும் இந்தப் பிச்சைமணியின் பணிவான வணக்கம்.

பின்னால் என்ன சத்தம்? சாயா வந்துவிட்டதா? குடியுங்கள், குடியுங்கள். ஆனால் கிளாஸ் சத்தம் கேட்காமல் குடியுங்கள். இன்றைக்கு நான் பேசப்போவதை இன்னொரு முறை பேச எனக்குத் துணிவு வராது.

தோழர்களே! தம்பி இஸ்மாயில் இரண்டு செய்தி சொன்னார். ஒன்று, இந்தக் கூட்டத்தின் முடிவிலே எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். முப்பத்தெட்டு ஆண்டு கருங்கரட்டிலே பாறையோடு மல்லுக்கட்டியவன் என்பதற்காக. இரண்டு, வருகிற வியாழக்கிழமை காலை ஹார்பர் ஸ்டேஷனிலிருந்து நம் நாற்பத்தொரு குடும்பம் சேலத்துப் பக்கம் ரயில் ஏறுகிறது. மூட்டை தூக்கிய கைகள் மறுபடியும் சுத்தியல் தூக்கப் போகின்றன. சுரங்கம் திறக்கிறது! வெள்ளிக்கிழமை அங்கே நான் தாங்குகல்லில் கை வைப்பேன், அதன் பிறகு வேலை தொடங்கும் என்றும் சொன்னார். நீங்கள் கை தட்டினீர்கள். கூரை அதிரத் தட்டினீர்கள். நான் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். கவனித்தவர்கள் கவனித்திருப்பீர்கள்.

அந்தப் பொன்னாடையை நான் வாங்கப் போகிறேனா? அந்தக் கல்லில் நான் கை வைக்கப் போகிறேனா? இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். பதிலுக்கு முன்னால் ஒரு வரலாறு இருக்கிறது. மட்டாஞ்சேரியிலேயே வளர்ந்த நம் பிள்ளைகளுக்குக் கருங்கரடு என்றால் என்னவென்று தெரியாது. அப்பன் ஆத்தாள் சாப்பிடும்போது சொல்கிற பழங்கதை, அவ்வளவுதான். அவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருங்கரடு! பெயரிலேயே நிறம் இருக்கிறது. சேலத்துச் சீமையிலே, பார்ப்பதற்கு யானை படுத்த மாதிரி ஒரு சின்ன மலை. காந்தத்தைக் கொண்டு போனால் கையை இழுக்கும் கல். ஒரு கூடை சுமந்தால் கழுத்து இறங்கும் கல். அந்த மலையை மண்ணென்று பார்த்தவர் உண்டு, மதிப்பென்று பார்த்தவர் உண்டு, மகசூல் என்று பார்த்தவர் உண்டு. நாமோ அதன் மடியிலே மகனையும் மகளையும் கொண்டுவந்து விட்டவர்கள். சுரங்கம் என்று சொல்கிறோமே தவிர, அது பூமிக்குள் போகும் குகை அல்ல. மலையின் சரிவை வெட்டி வெட்டி இறக்கிய திறந்த குழி. மேலே இளகிய மண்ணும் உதிர்ந்த கல்லும் பனை உயரத்துக்குக் குவிந்து நிற்கும். கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கல்லை உடைத்துத் தரம் பிரிப்பார்கள். மேலே நிற்கும் மண்ணுக்கும் கீழே குனிந்திருக்கும் தலைக்கும் நடுவிலே என்ன இருக்கிறது? ஒரே ஒரு பாறை! மலையோடு ஒட்டி, முட்டுக்கொடுத்து நிற்கும் கரும்பாறை. அதைத்தான் தாங்குகல் என்று சொல்வோம். அதை விட்டுவைத்தால் மலை நிற்கும். வெட்டினால் மலை இறங்கும்.

வேடிக்கை என்ன தெரியுமா? மலையிலேயே முதல்தரமான இரும்பு அந்தத் தாங்குகல்லிலேதான் இருந்தது. ஆசை காட்டுவதற்கென்றே ஆண்டவன் அங்கே கொண்டுபோய் வைத்தான் போலிருக்கிறது.

முதல் முதலாளி மிட்டாதார், அந்தப் பக்கத்து ஜமீன்தார். மலையே அவருடைய பாட்டன் சொத்து. அவர் காலத்தை நான் பார்த்ததில்லை, கேட்டதுதான். ஆரம்பத்திலே யாருக்கும் எதை வெட்டுவது, எதை விடுவது என்று தெரியவில்லை. ஓர் அடைமழையில் மேல்மண் சரிந்து பதினொரு பேர் போனார்கள். மறுநாள் ஒருவரும் குழியில் இறங்கவில்லை. அடுத்த பாறையைச் சுற்றி, 'இதைத் தொடாதே' என்று சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மிட்டாதார் குதிரையில் வந்தார். சவுக்கோடு வந்தார்! 'எவன்டா என் மலையில கோடு போட்டது?' என்று கேட்டார். கல்லுடைக்கும் கிழவி ஒருத்தி எழுந்து, 'நாங்கதான் சாமி. கோடு எங்களுது, மலை உங்களுது. ரெண்டும் நெலைக்கணும்னா இந்தக் கல்லை வெட்ட மாட்டேன்னு கை வெச்சுச் சொல்லுங்க' என்றாளாம். மனிதர் முறைத்தாராம். மேலே பார்த்தாராம். அந்த மண் நிற்கும் நிலையைக் கண்ணால் பார்த்ததும் சவுக்கை இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரச் சுண்ணாம்பிலே உள்ளங்கையைத் தோய்த்துப் பாறையில் பதித்தாராம். மோதிரத் தடத்தோடு பதிந்த அந்தப் பெரிய கை, நான் வேலைக்குப் போன காலத்திலும் வெள்ளையாக நின்றது.

அன்று பிறந்தது அந்த வழக்கம். முதலாளி மாறினால், புது முதலாளி தானே வர வேண்டும். கல்லுக்கு எதிரே நிற்க வேண்டும். மேலே இருக்கும் மண்ணை அண்ணாந்து பார்க்க வேண்டும். கீழே உட்கார்ந்திருக்கும் மனிதரைக் குனிந்து பார்க்க வேண்டும். சுண்ணாம்பு தோய்த்து வலது கையைப் பதித்து, 'இதை வெட்ட மாட்டேன்' என்று எல்லார் காதும் கேட்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் ஒரு கூடை அசையும்! ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு அந்தக் கைத்தடங்களுக்கெல்லாம் பெண்கள் புதுச் சுண்ணாம்பு பூசுவார்கள். சட்டம் அல்ல இது, சர்க்கார் உத்தரவு அல்ல. ஆனால் நாற்பது ஆண்டுக்கு மேலாக எவரும் மீறவில்லை.

இரண்டாவது முதலாளி ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர் கை வைத்த வருடம்தான் நான் கூடை தூக்கப் போனேன். பதினாறு வயது. துரைக்கு இந்த வழக்கத்தைச் சொன்னதும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையுறையைக் கழற்றினார். பொம்பளைப் பிள்ளை கை மாதிரிச் சின்னக் கை! எங்களுக்கு உள்ளூர நம்பிக்கை இல்லை. ஆனால் யுத்தம் வந்தது, இரும்புக்கு உலகமே அடித்துக்கொண்டது. மேலிடத்திலிருந்து ஓர் ஆள் வந்து தாங்குகல்லைக் காட்டி என்னவோ கத்தினான். துரை அந்தச் சின்னக் கையைக் காட்டினார். அவ்வளவுதான், வந்தவன் ஜீப் ஏறிப் போய்விட்டான். என்ன பேசினார்களோ எனக்குப் புரியவில்லை. கல் நின்றது, அது புரிந்தது.

மூன்றாவது முதலாளியை உங்களில் வயதானவர்கள் அறிவீர்கள். இதே மட்டாஞ்சேரிச் சேட்டுதான். பஜார் ரோட்டிலே அவருக்குக் கிடங்கு இருந்தது. நம் கல் ரயில் ஏறி ஹார்பருக்கு வந்ததும், கப்பல் ஏறிக் கடல் தாண்டியதும் அவர் காலத்திலேதான். நமக்கும் இந்த ஊருக்கும் உறவு உண்டானது அப்படித்தான். சேட்டு வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு குழியில் இறங்கி வந்தார். சுண்ணாம்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கை வைத்து முடித்ததும் பன்னீர் கொண்டுவரச் சொல்லி மூன்று முறை கழுவினார். பெண்களெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரியுங்கள், நீங்களும் சிரியுங்கள்! ஆனால் ஒன்று சொல்கிறேன். இருபத்துமூன்று ஆண்டுகள் அந்த மனிதர் தாங்குகல்லிலே ஓர் ஆணி இறக்கவில்லை. கழுவினாலும் போகாத சொல் அவருடைய சொல். அவர் காலத்திலேதான் நான் மேஸ்திரி ஆனேன்.

மூன்று முதலாளிகள், மூன்று கைகள். ஒருவர் அதட்டிக்கொண்டு வந்தார், ஒருவர் சிரித்துக்கொண்டு வந்தார், ஒருவர் முகம் சுளித்துக்கொண்டு வந்தார். எப்படி வந்தால் என்ன? வந்தார்கள்! நேரில் வந்தார்கள்! அண்ணாந்து பார்த்தார்கள்! அதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், இனி நான் சொல்வது அதைப் பற்றித்தான்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார்கள். சற்று நிறுத்துவோம்.

நன்றி. தண்ணீர் கொடுங்கள் தம்பி. இல்லை, உட்காரவில்லை. நின்றே சொல்கிறேன்.

சேட்டு காலமானார். அவர் பிள்ளைகளுக்கு மலை வேண்டாம். எழுபத்துநான்கிலே சுரங்கத்தை விற்றார்கள். வாங்கியது யார்? ஒரு கம்பெனி. எங்கோ பம்பாயிலே மாடியிலே இருக்கிற கம்பெனி. முகம் தெரியாது, மூச்சு தெரியாது. விற்பனை முடிய ஐந்து மாதம் குழி மூடிக் கிடந்தது. ஐந்து மாதம், தோழர்களே! அடுப்பு எரியாத வீடுகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு, எரிகிற வீடுகளை எண்ணிய காலம் அது. எழுபத்தைந்து தை மாதம் கம்பெனி மேனேஜர் வந்தார். நான் வழக்கத்தைச் சொன்னேன். மனிதர் நல்லவர் மாதிரித்தான் பேசினார். 'மேஸ்திரி, சேர்மன் பம்பாயில இருக்கார். ஒரு கல்லைத் தொடறதுக்கு அவர் பிளேன்ல வரணுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள குழி தொறக்கணும். இல்லேன்னா ஒரிசாவுல இருந்து ஆள் இறக்குவேன்' என்றார்.

அன்று மாலை கோயில் மைதானத்தில் கூட்டம். நம் ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். முதலாளி கை வைக்காமல் இறங்கமாட்டோம் என்று ஒரே குரல். அப்போது நான் எழுந்தேன். எழுந்து என்ன சொன்னேன் என்பது இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். 'கம்பெனி முதலாளிகிட்ட டிரங்கால் போன்ல நானே பேசிட்டேன். கல்லை வெட்டமாட்டேன்னு எங்கிட்டச் சொல்லிட்டார். அவருக்குப் பதிலா நான் கை வெக்கிறேன்' என்றேன்.

கல் பொறுக்கும் பெண்களிலிருந்து ஒருத்தி எழுந்தாள். மாயம்மாள். அழகருடைய மனைவி. இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சீனியம்மாளின் ஒரே மகள். 'மேஸ்திரி மாமா, அவர் சொன்னாரா, சொல்லலையா? உங்க வாயால ஒருக்கா சொல்லுங்க' என்றாள். 'சொன்னார் தாயீ' என்றேன். 'அப்பச் சரி. பம்பாய்க்காரன் கையை யாரு கண்டா? உங்க கைன்னா எங்களுக்குப் போதும்' என்று உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் சுண்ணாம்பு தோய்த்துக் கை வைத்தேன். குழி திறந்தது. அடுப்பு எரிந்தது.

இதோ என் வலது கையைப் பாருங்கள். மோதிர விரல் பாதிதான் இருக்கும். சுத்தியல் கொண்டுபோன மீதி இது. யார் பார்த்தாலும் என் கைத்தடம் என்று தெரியும். அந்த வருட ஆயுத பூஜைக்குச் சுண்ணாம்பு பூசிய மாயம்மாள், 'அரை விரலை அரை விரலாத்தான் போடணும், முழுசாப் போட்டா முதலாளி கை ஆயிரும்' என்று கேலி பேசிக்கொண்டே பூசினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாவி, நானும் சிரித்தேன்!

பெரியோர்களே, தாய்மார்களே! ஒன்பது ஆண்டுகளாக நான் மறைத்து வைத்திருப்பதை இப்போது வெளியே எடுக்கிறேன். நான் டிரங்கால் பேசவில்லை. எந்த முதலாளியும் எந்தச் சொல்லும் எனக்குத் தரவில்லை. பம்பாயில் இருந்த அந்த மனிதருக்குத் தாங்குகல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நான் சொன்னது பொய். பச்சைப் பொய்!

அமைதி. அமைதியாக இருங்கள். அழகர், நீ எழுந்து நிற்பது தெரிகிறது. மேலே வந்து என்னை அடிப்பதானால் அடி, நான் தடுக்கமாட்டேன். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு அடி.

ஏன் பொய் சொன்னேன்? ஊர் பட்டினி கிடந்தது, அது ஒரு காரணம். அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது இன்னொரு பொய். எனக்குப் பெருமை இருந்தது. முதலாளி வராவிட்டால் என்ன, பிச்சைமணி கை இருக்கிறதே என்று ஊர் சொல்லக் கேட்பதிலே ஒரு போதை இருந்தது. என் கைக்கு இருந்த மரியாதையை எடுத்து, வராத ஒருவனுக்குச் சட்டை தைத்துப் போட்டேன்.

ஐப்பசியிலே புது இன்ஜினியர் ஒருவர் வந்தார். தாங்குகல்லைத் துளை போடச் சொன்னார். துளைக்காரன் வெள்ளையன் மாட்டேன் என்றான். நான் ஓடினேன். 'இது தாங்குகல், முதலாளி கை வெச்ச கல்' என்றேன். அந்த மனிதர் கல்லருகே போனார். கைத்தடங்களை ஒன்றொன்றாகப் பார்த்தார். 'இதுல கம்பெனி முதலாளி கை எது?' என்று கேட்டார். நான் என் கையைக் காட்டினேன். 'இது உன் கை. நீயா முதலாளி? அவர் எப்ப சொன்னார், யார்கிட்டச் சொன்னார்?' என்றார்.

என்ன பதில் சொல்வேன்? சொல்லுங்கள், என்ன பதில் சொல்வேன்? மிட்டாதார் கையைக் காட்டினால் அவர் செத்துப்போனவர். துரை கையைக் காட்டினால் அவர் கப்பலேறிப் போனவர். சேட்டு கையைக் காட்டினால் அவர் விற்றுவிட்டுப் போனவர். நாற்பது ஆண்டு எவனும் தாண்டாத வேலியிலே, ஆள் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டையை நான்தான் போட்டு வைத்திருந்தேன். அவர் அதன் வழியாக நிமிர்ந்தே நடந்து போனார். அப்போதாவது ஆட்களைக் கூட்டி, 'நான் சொன்னது பொய், குழியை விட்டு ஏறுங்க' என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. என் மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைத்து வெள்ளையன் துளை போட்டான். வெடி வைத்தார்கள். நான்கு கைத்தடங்களும் தூளாகப் பறந்தன.

இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் காலை எட்டரை மணி. மேல்மண் இறங்கியது. அதிகம் சொல்லமாட்டேன், பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வெள்ளையன் போனான். கல் பொறுக்கிய காமாக்ஷி போனாள். மாயம்மாள் போனாள். மழையால் வந்த சரிவு என்று விசாரணையில் எழுதினார்கள். என்னையும் கேட்டார்கள். மழைதான் என்று நானும் சொன்னேன். அடுத்த வருடமே கம்பெனி குழியை மூடிவிட்டுப் போனது. நாம் மூட்டை முடிச்சோடு இந்த ஊருக்கு வந்தோம். சேட்டு காலத்துக் கிடங்குகள் நமக்குச் சுமை கொடுத்தன, சோறு கொடுத்தன.

சீனியம்மா! கூட்டத்தின் நடுவே உங்களைக் கூப்பிடுகிறேன், மன்னியுங்கள். இல்லை, மன்னிக்க வேண்டாம். சுக்குக் கிடங்கிலே நாள் முழுதும் பொறுக்கிவிட்டு வந்தும், ஒவ்வொரு வருடமும் மாயம்மாள் திதிக்கு முதல் இலையை எனக்குத்தான் போடுகிறீர்கள். 'அண்ணே, நீங்க கை வெச்ச நாள்லருந்துதான் எம்மவ பயமில்லாம வேலைக்குப் போனா' என்று சொல்லிச் சொல்லிப் போடுகிறீர்கள். எட்டு இலை சாப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு சோற்றுப் பருக்கையும் கல்லாக இறங்கியது. அவள் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தாள் என்பதுதானே என் குற்றம்? பயந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பாளே!

இப்போது விழாத் தலைவர், நம் புது முதலாளி அவர்களிடம் வருகிறேன். ஐயா, போன வாரம் உங்கள் கிடங்குக்கு என்னை அழைத்தீர்கள். சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்து அன்பாகத்தான் பேசினீர்கள். நீங்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். 'மேஸ்திரி, அடுத்த வாரம் கப்பல்ல சரக்கு ஏத்தணும், எனக்கு ஒட்டும் ஒழிவில்லை, நேரமே இல்லை. அந்தக் கல்லு சடங்குக்கு நீங்க போய்க் கை வெச்சா மதி, அது போதும். உங்க கை என் கை மாதிரிதானே?' என்றீர்கள். தலையாட்டுகிறார். நன்றி ஐயா. கெட்ட எண்ணத்தில் சொன்னீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இதே வார்த்தையைக் கொஞ்சம் மாற்றி ஒன்பது வருடத்துக்கு முன்னால் கேட்டவன் நான். அன்று சரி என்றேன். இன்று சொல்கிறேன், முடியாது.

முடியாது ஐயா! என் கை உங்கள் கை அல்ல. என் கை அந்த மண்ணுக்கு முட்டுக் கொடுக்காது. வெட்டச் சொல்லும் அதிகாரம் எவன் கையில் இருக்கிறதோ, அவன் கைதான் அங்கே பதிய வேண்டும். போன மாதம் அழகர் போய்க் குழியைப் பார்த்துவிட்டு வந்தான். புதுச் சரிவுக்கு எந்தப் பாறை முட்டு என்று தேர்ந்து, அதைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வந்தான். பெண்டாட்டியை விழுங்கிய குழியிலே தனியாக இறங்கிக் கோடு போட்டான். அதில் இன்னும் எந்தக் கையும் இல்லை. இருந்தால் உங்கள் கை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறுங்கல்லாகவே இருக்க வேண்டும்.

நாற்பத்தொரு குடும்பத்துக்கும் சொல்கிறேன். வியாழக்கிழமை மூட்டையோடு ஸ்டேஷனுக்கு வாருங்கள். தலைவர் வந்தால் ரயில் ஏறுங்கள். வராவிட்டால் ஏறாதீர்கள். ரயில் போகட்டும், நாம் திரும்பி வந்து மிளகு மூட்டை தூக்குவோம். முதுகு வலிக்கும், அவ்வளவுதானே? பசிக்குப் பயந்து நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். இஸ்மாயில் தம்பி, அந்தப் பொன்னாடையை மடித்து வையுங்கள். எனக்கு அது வேண்டாம். எனக்கு என்ன தண்டனை என்று சங்கம் கூடி முடிவு செய்யட்டும், கட்டுப்படுகிறேன்.

என்ன? யார் எழுந்திருப்பது? சீனியம்மாள் எழுந்துவிட்டார்கள். வழி விடுங்கள். வெளியே போவதானால் போகட்டும், யாரும் கையைப் பிடிக்காதீர்கள்.

இல்லை. மேடைக்கு வருகிறார்கள். படி உயரம், பார்த்து, பார்த்து. அழகர், அத்தையைப் பிடித்துக்கொள்.

என்னிடம் வரவில்லை. தலைவரிடம் போகிறார்கள். மைக்கை அங்கே கொண்டுபோங்கள் தம்பி, கம்பி எட்டுமா? எட்டவில்லையா? சரி, நானே சொல்கிறேன். தலைவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார்கள். 'எங்க வாய் கேக்கத் தெரியாம ஏமாந்துச்சு சாமி. எம்மவ முதலாளியக் கேக்கல, இன்னொருத்தர் வாயைக் கேட்டா. நான் உங்க வாயைக் கேக்கறேன். இந்தக் கை அங்க வருமா, வராதா?' என்கிறார்கள்.

தலைவர் எழுந்துவிட்டார். ஐயா, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும்.

'வரேன் சீனியம்மா. கப்பல் காத்து நிக்கட்டும். வியாழாழ்ச்ச வண்டிக்கு நானும் வரேன். நானே வெக்கறேன்' என்கிறார்.

கை தட்டாதீர்கள்! தோழர்களே, தட்டாதீர்கள்! இன்னும் வைக்கவில்லை. நாம் சொல்லைக் கேட்டுக் கை தட்டியது போதும். வெள்ளிக்கிழமை அந்தக் கரும்பாறையிலே சுண்ணாம்பு காயட்டும், அப்புறம் தட்டலாம்.

சீனியம்மாள் இறங்கிப் போகிறார்கள். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அது சரிதான். இந்த வருடம் எனக்கு இலை விழாது, அதுவும் சரிதான்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த சங்கத்துக்கும், ஊர் முன்னால் சொல் தந்த தலைவருக்கும் என் நன்றி. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் ஸ்டேஷனில் இருப்பேன். யார் வருகிறார்கள் என்று பார்க்கும் கூட்டத்தில், கடைசி ஆளாக, கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். வணக்கம்.